வேலைக்கும் வழிபாட்டுக்கும் ஒரே சொல்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் யூதர்களின் சப்பாத், அதாவது வெள்ளி மாலை தொடங்கும் வாராந்திர ஓய்வுநாள், பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் ஓய்வை மட்டும் பேசிவிட்டு நின்றுவிட்டது. ஏழாம் நாள் ஓய்வெடுக்கச் சொல்லும் கட்டளையே 'ஆறு நாளும் வேலை செய்' என்றும் சொல்கிறதே! யூதர்களின் மொழியான எபிரேயத்தில் 'அவோதா' என்ற ஒரே சொல் உழைப்பையும் வழிபாட்டையும் குறிக்கும். சப்பாத்தில் விலக்க வேண்டிய 39 வேலைகளை, உழுவது, நெய்வது, தைப்பது என்று எல்லாவற்றையும், பாலைவனத்தில் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தை அமைத்த பணிகளோடுதான் ரபிகள் என்னும் யூத மத குருமார்கள் இணைத்தார்கள். அப்படியென்றால் அவை கடவுளுக்கு வீடு கட்டிய வேலைகள், இழிவானவை அல்ல. மகனுக்கு ஒரு தொழில் கற்றுத்தராதவன் அவனுக்குத் திருட்டைக் கற்றுத்தருகிறான் என்று யூத மதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ரபி யூதா கடுமையாகவே சொல்கிறார். யூதர்களின் புனித நூலான தோராவைப் படிப்பதாகச் சொல்லி, உழைக்காமல் பிறர் தரும் தர்மத்தில் வாழ்வது கடவுளின் பெயரைக் களங்கப்படுத்துவது என்று 12ஆம் நூற்றாண்டில் எழுதிய யூத அறிஞர் மைமோனிடிஸ், கடைசிவரை மருத்துவம் பார்த்துத்தான் பிழைத்தார்.

நான் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒரு யூத முதியவரைப் பராமரிக்கும் வேலையில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அவர் தச்சர். கை நடுங்கும் வயதிலும் வெள்ளிக்கிழமை மதியம் உளிகளைத் துடைத்து எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்த பிறகுதான் குளிக்கப் போவார், அப்புறம்தான் மெழுகுவர்த்தி, பிரார்த்தனை எல்லாம். அவருக்கு வேலையும் வழிபாடும் தனித்தனி இல்லை என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது. கைத்தொழில் செய்து வாழ்ந்த ரபிகளைப் பற்றி ஒரு சிறு தொடர் வெளியிடுங்கள். பள்ளி மாணவர்களும் படிக்கும்படி எளிமையாக இருந்தால் இன்னும் நல்லது.