பள்ளி நூலக வாசகர் வட்டம்: 2025–26ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பள்ளித் தலைமையாசிரியர் அவர்களுக்கும், செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் முடிய நம் வட்டம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நம் வட்டம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றது. ஆகவே இந்த அறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் இங்கே ஒப்புதல் பெற்ற பிறகே பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்ல இயலும். முதலில் அறிவித்த நாளில் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்த அளவு உறுப்பினர் வராமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதையும், அதனால் இந்தப் பணி தாமதமானதையும் பதிவு செய்வது என் கடமை.

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளன்று நூலகத்தின் கிழிந்த நூல்கள் பிரித்தெடுக்கப்பட்டுப் புதிதாகக் கட்டு (பைண்டிங்) போட அனுப்பப்பட்டன. ஆகஸ்டு 12 தேசிய நூலகர் நாளில் எஸ்.ஆர். அரங்கநாதன் படத்துக்கு மாலை அணிவித்தோம். நவம்பர் 14 முதல் 20 வரை நடந்த தேசிய நூலக வாரத்தில் கதை சொல்லும் போட்டி வழக்கம்போல் நடைபெற்றது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்ற உறுப்பினர் ஒருவர் வழி 10 விழுக்காட்டுக் கழிவில் சிறார் நூல்கள் வாங்கப்பட்டன. ஆண்டின் இடையே மறைந்த மூத்த உறுப்பினர் இருவருக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

இந்த ஆண்டின் முதன்மைப் பணி எழுத்தாளர் சந்திப்பு. இதைப் பற்றிச் சில உறுப்பினர்களிடையே மாறுபட்ட கருத்து நிலவுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் நம் பள்ளிக்கு எழுத்தாளர் வருவது ஆண்டு விழாவோடு சேர்ந்தே நிகழ்ந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் வெயிலில் மைதானத்தில் அமர்ந்திருப்பார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்த பின்னரே எழுத்தாளரிடம் ஒலிபெருக்கி வரும். அவர் எழுதிய ஒரு வரியையும் வாசித்திராத பிள்ளைகள் கைதட்டுவார்கள், அவரும் படிப்பின் அவசியம் குறித்துப் பொதுவாகப் பேசிவிட்டுப் புறப்படுவார். நூலகத்துக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. அந்த விழாக்களில் உழைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றால் நூலகத்தில் நூல் எடுக்கும் பிள்ளைகள் கூடினார்கள் என்று இரவல் பதிவேடு காட்டவில்லை.

ஆகவே, ஒரு நூலை வாசித்த பிள்ளைகளே அதை எழுதியவரைச் சந்திக்க வேண்டும் என்னும் முன்வாசிப்பு முறையைச் செயற்குழுவின் ஒப்புதலோடு இந்த ஆண்டு நடைமுறைப்படுத்தினேன். எழுத்தாளர் வரும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே அவருடைய ஒரு நூலின் 20 படிகள் வாங்கப்பட்டு, ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளின் நூலகப் பாடவேளையில் சுற்றுக்கு விடப்பட்டன. தனியே வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மூத்த மாணவர் ஒருவர் வாய்விட்டு வாசித்துக் காட்டினார். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு நிலைகளில் பகுக்கப்பட்டிருப்பது, எந்தப் பிள்ளைக்கு எந்த அளவு நூல் பொருந்தும் என்று முடிவு செய்ய உதவியது. யாரை அழைப்பது என்பதற்குச் சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கி வரும் சிறார் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பட்டியலைத் தொடக்கமாகக் கொண்டோம். விருது பெறாத நல்ல சிறார் எழுத்தாளர்களையும் விட்டுவிடவில்லை. வந்தவர்களின் பெயர்களும் நூல்களும் வருகைப் பதிவேட்டில் உள்ளன.

சந்திப்புக்கு மேடை கிடையாது. நூலக அறையில் ஜமக்காளம் விரித்து, எழுத்தாளரைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் அமர்ந்தார்கள். பொன்னாடையும் கேடயமும் தவிர்க்கப்பட்டன. இது விருந்தினரை அவமதிப்பதாகும் என்று செயற்குழுவில் இருவர் கடுமையாகவே பேசினார்கள். பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஆகும் தொகையில் அந்த எழுத்தாளரின் மற்ற நூல்களை வாங்கி, அவர் கையொப்பமிட்டு நூலகத்தில் சேர்ப்பதே அவருக்கு உரிய மரியாதை என்று நான் கருதினேன், இன்றும் அவ்வாறே கருதுகிறேன். வந்த எழுத்தாளர் எவரும் இதைக் குறையாகக் கொள்ளவில்லை என்பதோடு, அலமாரியில் தம் நூல்கள் அட்டை நைந்து இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது இணையவழிச் சந்திப்பு. சென்னையில் இருக்கும் ஓர் எழுத்தாளர் பொதிகை விரைவு வண்டியில் தென்காசி வந்து, பேசிவிட்டுத் திரும்புவதற்கு இரண்டு இரவுகள் ரயிலில் கழிய வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு விடுப்புக் கிடைப்பதில்லை; முதியவர்களுக்கு உடல் இடம் கொடுப்பதில்லை. அதனால் நேரில் வர இயலாதவர்களைப் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் திரை வழியே பிள்ளைகளோடு பேச வைத்தோம். யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஒருவருக்கும் நமக்கும் கடிகார வேறுபாடே இல்லை. சிங்கப்பூரில் வாழும் எழுத்தாளர், நமக்கு முற்பகல் 11 மணியாகும்போது அங்கே பிற்பகல் 1.30 ஆவதால், தம் மதிய உணவு இடைவேளையை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். யாழ்ப்பாணத்து நூலின் படிகள் இங்கே கிடைக்காதபோது, அவர் எழுத்து மூலம் அனுமதி தந்து அனுப்பிய கோப்பைத்தான் அச்சிட்டுக் கொடுத்தோம். அனுமதியின்றி எந்த நூலையும் நகலெடுக்கவில்லை.

திரையில் ஒருவர் பேசுவதைப் பிள்ளைகள் சினிமாபோல் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று சொல்லப்பட்டது. ஏற்பாடு சரியில்லாத இடத்தில் அது உண்மையாகவே நடக்கும். நாங்கள் கைக்கொண்ட முறையை, பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன். படக்கருவியை அறையின் பின்புறம் வைத்தால் எழுத்தாளர் முதுகுகளைத்தான் பார்ப்பார். அதைத் திரைக்குக் கீழே, பிள்ளைகளின் முகம் தெரியுமாறு வைக்க வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளை எழுந்து முன்னே வந்து ஒலிவாங்கியில் தன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டால் எதிரொலியில் ஒன்றும் புரியாது. கேள்விகளை முந்தின நாளே துண்டுச் சீட்டில் எழுதி வாங்கலாம், ஆனால் ஆசிரியர்கள் அவற்றைத் திருத்தக் கூடாது. கட்டணமில்லாக் கணக்கில் 40 நிமிடத்தோடு இணைப்பு அறுந்துவிடும் செயலியைப் பயன்படுத்தினால், வரவேற்புரை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாள் எது என்று விசாரித்த பின்பே தேதி கொடுக்க வேண்டும்.

என் கணிப்பில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தாளர் நேரில் வருவதற்கு ஈடில்லை. அவர்கள் அருகே வந்து தொட்டுப் பார்க்கிறார்கள், காதோடு ஏதோ சொல்கிறார்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பினருக்கோ திரை ஒரு தடையாக இல்லை. நேரில் பலர் நடுவே பேசக் கூசும் மாணவிகள் சிலர் திரை முன்னே தயக்கமின்றிக் கேட்டதை ஆசிரியர்களும் கண்டார்கள். நூலை வாசிக்காமல் நேரில் சந்திப்பதைக் காட்டிலும், வாசித்துவிட்டுத் திரையில் சந்திப்பதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு சந்திப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஒரு நூலுக்கு உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டாள். சில பெரியவர்கள் அவளை அடக்க முயன்றார்கள். எழுத்தாளர் பொறுமையாக விளக்கினார்: தமிழில் எழுத்தாளருக்குரிய உரிமத்தொகை (ராயல்டி) பெரும்பாலும் விலையில் 10 விழுக்காடு, 60 ரூபாய் நூலுக்கு 6 ரூபாய், அதுவும் விற்றால்தான். பிள்ளைகள் உடனே நோட்டில் பெருக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். நம் வட்டத்தில் மதிப்பூதியம் எதற்கு, இலக்கியச் சேவைதானே என்று கேட்பவர்கள் அந்த மாணவி போட்ட கணக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நேரில் வந்தாலும் இணையவழிப் பேசினாலும் ஒரு சிறு மதிப்பூதியமும், வருபவருக்குப் பயணச் செலவும் அன்றே கொடுக்கப்பட்டன. இதை நான் பிடிவாதமாகவே செய்தேன்.

சந்திப்புக்குப் பின் பிள்ளைகள் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினார்கள். அஞ்சலட்டை இன்றும் 50 காசுக்குக் கிடைப்பதால் இதற்கு நிதி ஒரு பொருட்டாகவில்லை. வந்த பதில்கள் நூலகத் தகவல் பலகையில் உள்ளன. நூல்களை வரவழைப்பதில், 2025 மே 1 முதல் அஞ்சல் துறை தொடங்கிய கியான் போஸ்ட் சேவை கை கொடுத்தது. அதில் 5 கிலோ வரையிலான நூல்கட்டுக்குக் கட்டணம் 100 ரூபாய் என்பதால், தூதஞ்சலுக்குக் கொடுத்து வந்த தொகை மிஞ்சியது.

இனி வருத்தத்தோடு எழுத வேண்டிய பகுதி. ஒவ்வொரு சந்திப்புக்கும் பிள்ளைகளுடன் இருந்து உதவ இரண்டு உறுப்பினர்கள் தேவை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே முறைப்பட்டியல் தயாரித்து அனைவருக்கும் அனுப்பினேன். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பலர் ஒப்புதல் குறி இட்டார்கள். குறித்த நாளில் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே நான்கைந்து பேர். ஒருமுறை எழுத்தாளரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வர ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் வர இயலாது என்று தெரிவித்ததால், பாடவேளையில் இருந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பை விட்டுச் செல்ல நேர்ந்தது. செயற்குழுக் கூட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் ஒருமுறையும் வராத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பெயர் சுட்ட விரும்பவில்லை; வருகைப் பதிவேடு இங்கே மேசைமேல் உள்ளது. ஒவ்வொருவருக்கும் குடும்பமும் பிழைப்பும் உண்டு என்பதை அறிவேன். வர இயலாது என்று இரண்டு நாள் முன்பு ஒரு சொல் சொன்னால் போதும், மாற்று ஏற்பாடு செய்துவிடலாம்.

ஆண்டுச் சந்தா 300 ரூபாய். உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலருக்கு மூன்று ஆண்டு நிலுவை உள்ளது. நினைவூட்டுக் கடிதம் அனுப்பியதற்கு என்மீது கோபித்தவர்களும் உண்டு. அந்த 300 ரூபாயில் 60 ரூபாய் நூலின் ஐந்து படிகள் வாங்கலாம். முன்வாசிப்புக்கு 20 படிகள் வாங்க வேண்டிய இடத்தில், இரு முறை 12 படிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்ததற்கு இந்த நிலுவையே காரணம். அப்போது பட்டியலில் இருந்த பிள்ளைகள் சிலருக்கு நூல் கைக்கு வருமுன்னே சந்திப்பு நடந்துவிட்டது.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருங்கச் சொன்னால், சந்தாவும் நன்கொடையும் சேர்ந்த வரவு, நூல், பயணம், மதிப்பூதியம், தேநீர் ஆகிய செலவுகளுக்கு ஏறத்தாழ ஈடாயிற்று. சிறு கையிருப்பு வங்கியில் உள்ளது. இடைக்கால முன்பணம் கொடுத்து உதவியவர்களுக்கு அது திருப்பித் தரப்பட்டுவிட்டது.

பாடவேளைகளை மாற்றித் தந்த தலைமையாசிரியர் அவர்களுக்கும், தமிழ்ப் பாடத்தோடு நூலகப் பொறுப்பையும் சுமக்கும் ஆசிரியை அவர்களுக்கும், கணினி ஆய்வகப் பொறுப்பாளருக்கும், நூலகத்தைத் திறந்து பெருக்கி ஜமக்காளம் விரித்த பணியாளர் அம்மாவுக்கும், தணிக்கையாளருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நம் அழைப்பை ஏற்ற எழுத்தாளர்களுக்கும் வட்டத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டு குறித்து வெளிப்படையாகவே கூறிவிடுகிறேன். இப்போதுள்ள கையிருப்பில் ஜூலையில் ஒரு சந்திப்பு நடத்தலாம். காலாண்டுத் தேர்வுக்குப் பிந்தைய சந்திப்புகளுக்குப் பணம் இல்லை. இரண்டு எழுத்தாளர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு உறுதியான தேதி கொடுக்கும் நிலையில் நான் இல்லை. உறுப்பினர் ஒருவர் தம் பெற்றோர் நினைவாகவோ பிள்ளைகளின் பிறந்த நாளையொட்டியோ ஒரு நூலின் 20 படிகளை ஏற்றுக்கொண்டால், அந்தச் சந்திப்பின் பெருஞ்செலவு முடிந்துவிடும். மீதியைச் சந்தாவே தாங்கும். செயலாளர் பொறுப்பை ஏற்க இளையவர் எவரேனும் முன்வந்தால், தொடர்பு எண்கள், பதிவேடுகள், ஏற்பாட்டுக் குறிப்புகள் அனைத்தையும் ஒப்படைத்து உடனிருந்து உதவுவேன். எவரும் முன்வராவிட்டால், முறைப்பட்டியலில் பெயர் தந்தவர்கள் உண்மையிலேயே வருவார்கள் என்ற உறுதியின்மேல் மட்டுமே நான் தொடர இயலும்.

முன்வாசிப்பு நூல்களை ஏற்போர் பட்டியலும் சந்தா ரசீதுப் புத்தகமும் பொருளாளரிடம் உள்ளன. கூட்டம் முடிந்து அரை மணி நேரம் அவர் இங்கேயே இருப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
பள்ளி நூலக வாசகர் வட்டம்