டிசம்பர் விடுமுறைக்கு நான்கு சட்ட மாணவர்கள்: நன்கொடை வேண்டுகோள்

டர்பன் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

துணி காயப்போடுவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்ப்பது, தெற்கு டர்பனில் ஆலைப் புகைக்கு நடுவே இருக்கும் எங்கள் மெர்பேங்க் வீடுகளில் பழைய பழக்கம். எங்களில் பலர் வீட்டுச் சாமி அலமாரியில் ஊதுவத்திப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்ஹேலரும் இருக்கும். இந்தப் புகையைப் பற்றி நாம் புலம்பாத நாளில்லை. ஆனால் என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன நாற்றம் என்று யாரும் எழுதிவைத்ததில்லை. வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் கேடு செய்யாத சுற்றுச்சூழல் எல்லோருக்கும் உரிமை என்று தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நிலக்கரி மின்நிலையங்கள் நிறைந்த ஹைவெல்ட் பகுதியின் மாசுக் காற்று இந்த உரிமையை மீறுகிறது என்று 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த இரண்டு அமைப்புகளில் ஒன்றான கிரவுண்ட்வொர்க் நம் பக்கத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருப்பது. இப்படிப்பட்ட உரிமை வழக்கில் அரசிடம் தோற்றால் அதன் வழக்குச் செலவும் நம் தலையில் விழுமே என்ற பயமும் 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த பயோவாட்ச் தீர்ப்புக்குப் பிறகு பெரும்பாலும் போய்விட்டது.

இல்லாதது ஆள்தான். போன டிசம்பரில் எங்கள் தெருவில் வசிக்கும் பெண் ஒருத்தி, மூன்றாம் ஆண்டு சட்டம் படிப்பவள், ஒரு சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையைக் கோயில் மண்டப மேசையில் விரித்துப் பக்கம் பக்கமாக மஞ்சள் சீட்டு ஒட்டினாள். காற்றைக் கோடையில் மட்டும் அளந்திருந்தார்கள். குளிர்கால விடியற்காலையில்தான் புகை மேலே போகாமல் கூரைமட்டத்தில் தங்கும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சட்ட மொழியில் ஆட்சேபணையாக எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மூன்றாவது வாரம் கடைத்தெருவில் கல்லா வேலைக்குப் போய்விட்டாள். ஜனவரியில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டுமே! அறிக்கை பாதியில் நின்றது.

அதனால் இந்த விடுமுறைக்கு நான்கு மாணவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தப் போகிறோம். பொதுநல வழக்கு நடத்தும் ஒரு வக்கீலின் மேற்பார்வையில் ஆறு வாரம் வேலை. வீடு வீடாகப் போய்ப் பிரமாணப் பத்திரத்துக்கான விவரம் எழுத வேண்டும், தகவல் கேட்டு மனுப் போட்டுப் பதிலுக்கான 30 நாள் கெடுவைக் கவனிக்க வேண்டும், அறிக்கைகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். நீதிமன்றத்தில் நின்று வாதாடுவது இதில் இல்லை, யாரும் சினிமாவை நினைத்துக்கொண்டு வர வேண்டாம்.

“கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைக்குச் சம்பளம் எதற்கு?” என்று குழுவிலேயே ஒரு பெரியவர் கேட்டார். பேச்சு இரவு பத்து மணி வரை போனது. நாங்கள் சொன்ன பதில் இதுதான்: இலவசம் என்றால் அப்பா கார் வாங்கிக் கொடுத்த பிள்ளைகள்தான் வருவார்கள். புகைக்குள் வளர்ந்த பிள்ளை கல்லாவில் நிற்கும். கடைசியில் அவரே முதல் 500 ராண்டை எடுத்து வைத்தார்.

ஒருவருக்கு வாரம் 2,000 ராண்டு, பஸ் செலவும் அதற்குள்ளேதான். நான்கு பேருக்கு ஆறு வாரத்துக்கு 48,000 ராண்டு ஆகிறது. அந்த 500ஐயும் இரண்டு பிரியாணி விற்பனையையும் சேர்த்து 11,000 இருக்கிறது. இன்னும் 37,000 வேண்டும். நவம்பர் தேர்வுக்கு முன்பே மாணவர்களுக்கு உறுதி சொன்னால்தான் அவர்கள் வேறு வேலை தேட மாட்டார்கள். ஆகவே அக்டோபர் 31க்குள் தாருங்கள்.

வெளிப்படையாக இரண்டு விஷயம். நன்கொடைக்கு வரிச்சலுகை பெற்றுத்தரும் 18ஏ சான்று எங்களிடம் இல்லை, அதனால் அந்தச் சலுகை கிடைக்காது. அப்புறம், புகைபோக்கி உள்ள எந்த நிறுவனத்திடமும் பணம் வாங்குவதில்லை, நல்ல மனதோடு கொடுத்தாலும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பொருளாளர் மண்டப வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். 20 ராண்டுக்கும் ரசீது உண்டு. வரவுசெலவு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பேரன் பேத்திகளுக்காக இதன் ஆங்கிலப் பிரதியும் அவரிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
குழுவினர், மெர்பேங்க்