திரைப்பட மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிக்கிறார். அதனால் எனக்குக் கொஞ்சம் இடம் மிச்சமாகிறது. அதைப் படங்களைப் பற்றிப் பேசவே எடுத்துக்கொள்கிறேன். ஆட்சேபம் இருந்தால் கேள்வி நேரத்தில் சொல்லலாம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, ஆண்டின் முற்பாதியைக் குடும்பத்தோடு பார்க்கும் மாயாஜாலப் படங்களுக்கும் பிற்பாதியை அந்தக் காலத்தில் நடக்கும் காதல் படங்களுக்கும் ஒதுக்கினோம். முதலாவது பிள்ளைகளுக்கு, இரண்டாவது பெரியவர்களுக்கு என்று நினைத்துத்தான் திட்டம் போட்டோம். ஆனால் இரண்டும் ஒரே இனம் என்பது இப்போது என் கட்சி. மாயக்கதையில் மந்திரத்துக்கு ஒரு விதி இருக்கிறது. காதல் கதையில் ஊர் உலகம் விதி போடுகிறது. விதி கறாராக இருந்தால் படம் நிற்கும். கதாசிரியர் தன் வசதிக்கு அதைத் தளர்த்தினால், எவ்வளவு செலவு செய்து எடுத்தாலும் கொட்டாவிதான்.

முதல் படம் 1957-இல் கே. வி. ரெட்டி இயக்கிய மாயாபஜார். திறந்து பார்ப்பவருக்கு மிகவும் பிரியமானதைக் காட்டும் மாயப்பெட்டி ஒன்று அதில் வருகிறது. விதி அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அபிமன்யுவின் காதலையும் சொல்லிவிடுகிறார்கள், கிருஷ்ணர் பார்க்கும்போது சகுனியைத் தோன்றவைத்துச் சிரிக்கவும் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் சாவித்திரி! உருவம் வத்சலா, உள்ளே இருப்பது கடோத்கஜன். அந்த நடையும் முறைப்பும் தோளைக் குலுக்கும் தினுசும் கடோத்கஜனாக நடித்த எஸ். வி. ரங்காராவிடமிருந்து அப்படியே இறங்கி வந்தவை. மார்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரங்களை எல்லோரும் புகழ்வார்கள், புகழட்டும். அந்தப் படத்தின் ஆகப் பெரிய தந்திரக்காட்சி சாவித்திரியின் முகம்தான் என்பேன்.

அடுத்து 1939-இன் தி விசார்ட் ஆஃப் ஓஸ். பழுப்பு நிற வீட்டின் கதவைத் திறந்ததும் வண்ண உலகம் விரியும் அந்த ஷாட்டை எப்படி எடுத்தார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். வீட்டின் உட்புறத்துக்கே பழுப்புச் சாயம் பூசி, கதாநாயகி போலவே பழுப்பு உடை போட்ட மாற்று நடிகையைக் கதவு திறக்க வைத்து, முழுவதையும் வண்ணப் படச்சுருளிலேயே எடுத்தார்கள். அவர் ஒதுங்கியதும் நீல உடையில் கதாநாயகி ஜூடி கார்லண்ட் உள்ளே நுழைகிறார். வேறு வித்தையே கிடையாது.

மியாசாகியின் ஸ்பிரிட்டட் அவே (2001) திரையிட்ட அன்று சிறு சலசலப்பு. துணைத்தலைப்பைப் படிக்க முடியாத பிள்ளைகளுக்காக ஓர் உறுப்பினர் சத்தமாக வாசித்துக் காட்டினார். சிலருக்கு அது எரிச்சல். எனக்கோ, தன் பெயரை மறந்தால் சொந்த உலகத்துக்குத் திரும்ப முடியாது என்ற விதியை அவர் வாசித்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு வாண்டு தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டதுதான் அன்றைய நிகழ்ச்சி. மற்ற மாயாஜாலப் படங்கள் சுமாராகப் போயின. கணினி வரைகலை நிரம்பிய ஒரு புதுப் படத்தில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அதில் நாயகனுக்குத் தேவைப்படும்போதெல்லாம் புதுச் சக்தி கிடைத்தது. பிறகு யார் பயப்படுவார்கள்?

பிற்பாதிக்கு வருகிறேன். மார்ட்டின் ஸ்கார்செஸி என்றால் துப்பாக்கியும் ரத்தமும் என்று நினைத்து வந்தவர்களை தி ஏஜ் ஆஃப் இன்னொசன்ஸ் (1993) திகைக்க வைத்தது. ஓடும் குதிரை வண்டிக்குள் டேனியல் டே லூயிஸ், மிஷெல் ஃபைஃபரின் கையுறைப் பொத்தானைக் கழற்றி மணிக்கட்டில் முத்தமிடுகிறார். அவ்வளவே நடக்கிறது, அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. ஊரார் பார்வை எவ்வளவு கூர்மையானது என்று அதற்கு முன்பே படம் நமக்குப் பழக்கிவிட்டது. அதனால் ஒரு பொத்தான் கழன்றால் கோட்டைச் சுவர் இடிந்த மாதிரி இருக்கிறது.

ஜோ ரைட்டின் பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் (2005) படத்திலும் இதே கதைதான். எலிசபெத் வண்டியில் ஏற டார்சி கை கொடுக்கிறார், திரும்பி நடக்கும்போது அந்தக் கையின் விரல்களை விரித்து மடக்குகிறார். சில நொடிதான். வசனகர்த்தா பத்துப் பக்கம் எழுதினாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. முகல்-ஏ-ஆசம் (1960) படத்தில் திலீப் குமார், மதுபாலாவின் முகத்தை இறகால் வருடும் காட்சியும் இந்த வரிசையில் சேரும். பின்னணியில் படே குலாம் அலி கான் பாடுகிறார். காதலர்கள் பேசவே இல்லை.

மதராசபட்டினம் (2010) வழக்கம்போலக் கூட்டம் சேர்த்தது, பாராட்டும் பெற்றது. கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் (2000) அந்தக் காலத்தில் நடக்கும் படமே இல்லையே என்று எழுத்துமூலம் ஒரு புகார் வந்தது. நியாயம்தான். ஆனால் 1811-இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் நாவலைத் தழுவிய படம் அது. உயிலால் வீட்டை இழந்த சகோதரிகளின் கதை, கிட்டத்தட்ட இரு நூற்றாண்டு கழித்தும் ராஜீவ் மேனனின் கையில் உடையாமல் நின்றது என்றால் அந்த விதிகள் இன்னும் நம்மோடு இருக்கின்றன என்றுதானே பொருள்? புகாரைப் பதிவு செய்துகொண்டேன், படத்தைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை.

குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி இரண்டு முறை இடையில் நின்றது. காதல் படங்களுக்குப் பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று முன்கூட்டியே அறிவிக்காததால் சில பெற்றோர் வாசலோடு திரும்ப நேர்ந்தது. இனி அறிவிப்பிலேயே குறிப்பிடப்படும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். பிறமொழிப் படங்களைப் பிள்ளைகளுக்கு வாசிப்போடு ஒரு காட்சி, பெரியவர்களுக்கு வாசிப்பில்லாமல் ஒரு காட்சி என்று பிரிப்பது. புதிய ஒலிபெருக்கி வாங்கச் செயற்குழுவுக்கு அனுமதி அளிப்பது. வரும் ஆண்டில் இரு வகைப் படங்களையும் பிரிக்காமல் மாற்றி மாற்றித் திரையிடுவது. மூன்றாவதற்குப் பொருளாளர் எதிர்ப்பு என்று தெரியும், ஆகவே அதை மட்டும் வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்