டைகர் வந்த வீட்டுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்
மே மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள கலா,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. தெருமுனையில் யாரோ விட்டுவிட்டுப் போன நாயை உன் வீட்டுக்கார அண்ணனே வீட்டுக்குக் கூட்டி வந்தார் என்றாயே, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாய் என்றால் பத்தடி தள்ளி நிற்பவர் ஆயிற்றே அவர். கந்தசாமி நாயுடு கல்லூரியில் படித்தபோது, மதியம் நம் டப்பா திறக்கும் நேரம் பார்த்து வந்து உட்காருமே ஒரு செவலை நாய், அதற்கு நீ பாதித் தயிர்சாதத்தை வைத்துவிட்டு மீதியைச் சாப்பிடுவாய். உன் வீட்டுக்கு ஒரு நாய் வந்து சேர முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

டைகருக்கு முதல் மாதமே 6,500 ரூபாய் ஆகிவிட்டது, இப்படியே போனால் எப்படி சமாளிப்பது என்று கேட்டாய். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி அனுப்பு என்றாய், அதனால் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்து “அதையும் எழுது, இதையும் எழுது” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாகப் பார்வை தெரிகிறது. பேப்பர் படிக்கிறாள், எங்கள் நாய் முல்லையின் காதில் இருக்கும் உண்ணியைக்கூட அவள்தான் முதலில் பார்க்கிறாள்.

முல்லை எப்படி வந்தாள் என்று உனக்குத் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பொங்கியது இல்லையா, அந்த வெள்ளம் வடிந்த வாரம் ஆல்பேட்டைப் பக்கம் ஒரு சுவரோரம் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். எலும்பும் தோலுமாக ஏழு கிலோ. இப்போது 12 கிலோ. உன் டைகரும் அதே எடை என்றதால் என் கணக்கு உனக்கு அப்படியே பொருந்தும்.

செலவைக் குறைப்பதற்கு முன்னால், எதில் குறைக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது. முல்லைக்கு முன்னால் ஒரு குட்டி வளர்த்தேனே, நினைவிருக்கிறதா? இரண்டரை மாதக் குட்டி. நாட்டு நாய்க்கு எதற்கு ஊசி, அது மழையிலும் வெயிலிலும் வளரும் ஜாதி என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அந்த மாதம் கை இறுக்கம். அடுத்த மாதம் போடலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு நாள் காலையில் வாந்தி, மறுநாள் ரத்தமாக வயிற்றுப்போக்கு. பார்வோ என்ற வைரஸ் நோய். தினமும் டிரிப்ஸ் ஏற்றினோம். நாலாவது நாள் என் மடியிலேயே போய்விட்டது. ஊசிக்கு மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு அந்த நாலு நாளில் போனது, அது பெரிசில்லை. அந்தக் குட்டி என்னை நம்பித்தான் வந்தது கலா.

அதனால் டைகருக்கு முதல் வேலை ஊசி. பழைய கதை தெரியாத வளர்ந்த நாய் என்றால், பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்ந்த கூட்டு ஊசியை மூன்று நாலு வார இடைவெளியில் இரண்டு முறை போடுவார்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை எது எது வேண்டும் என்று டாக்டர் சொல்வார். எலிக்காய்ச்சல் ஊசியை நம் ஊர்க்காரர்கள் விடவே கூடாது. வெள்ளத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்துதான் அது பரவுகிறது, நமக்கோ வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தனி. அதற்கு செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி இலவச முகாம் நடக்கும், ஆனால் நீ அதுவரை காத்திருக்காதே, இப்போதே போட்டுவிடு. உனக்குப் புதுச்சேரியில், குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எடுத்த எடுப்பில் தனியார் கிளினிக்குக்குப் போகாமல் அங்கே ஒரு முறை காட்டு. பூச்சி மாத்திரையும் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். எடை பார்க்க ஒரு வழி: அண்ணன் டைகரைத் தூக்கிக்கொண்டு மெஷினில் நிற்கட்டும், அப்புறம் தனியாக நிற்கட்டும், கழித்துக்கொள்.

சரி, இனி சாப்பாடு. 12 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு சுமார் 700 கலோரி வேண்டும். கடையில் விற்கும் உலர் தீனி 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கும், ஆக ஒரு நாளைக்கு 200 கிராம், மாதத்துக்கு ஆறு கிலோ. நீ போட்டது பத்து கிலோ என்று சொன்னாய். பாக்கெட்டின் பின்பக்கம் எடைக்கு எவ்வளவு என்று அட்டவணை இருக்கும், அதைப் பார்த்து ஒரு டம்ளரில் கோடு போட்டு வைத்துக்கொள். தட்டு காலியானதும் நிரப்புவதை நிறுத்தினாலே உன் தீனிச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும், டைகருக்கும் தொப்பை போடாது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அதுதான் சரியான உடம்பு.

நான் செய்வது பாதிக்குப் பாதி. காலையில் 100 கிராம் உலர் தீனி. மாலையில் வீட்டுச் சாப்பாடு: 50 கிராம் நொய், 75 கிராம் கோழிக்கறி, ஒரு முட்டை, ஒரு பிடி பரங்கிக்காய் அல்லது கேரட். நொய்யையும் காயையும் குக்கரில் நாலு விசில் விட்டுக் குழைய வேகவைப்பேன். உப்பு கிடையாது, மஞ்சள் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். அரிசி மண்டியில் நொய்யாகக் கேட்டு வாங்கு, அரிசியைவிட விலை குறைவு. சில நாள் நொய்க்குப் பதில் கேழ்வரகுக் களி, ரொம்பக் கெட்டியாக இல்லாமல். கறிக்குக் கோழிக்கடையில் கழுத்தும் ஈரலும் தனியாகக் கேட்டால் மலிவாகத் தருவார்கள். கழுத்தை வேகவைத்து சதையை மட்டும் உருவிக்கொண்டு எலும்பைத் தூக்கிப் போட்டுவிடுவேன். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடையும், தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஈரல் வாரத்தில் இரண்டு நாள், கொஞ்சமாக. எல்லாம் சேர்த்து மாலைச் சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு நாளைக்கு 25 ரூபாய்க்குள் ஆகிறது.

முழுக்க வீட்டுச் சாப்பாடே போட்டால் இன்னும் மிச்சமாகுமே என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டாக்டர்தான் தடுத்தார். சோறும் கறியும் மட்டும் தின்றால் சுண்ணாம்புச்சத்து போதாது, துத்தநாகம் போன்றவையும் குறையும், எலும்பிலும் தோலிலும் அது தெரியும் என்றார். ஒரு வேளை நல்ல உலர் தீனி இருந்தால் அந்தக் குறை பெருமளவு அடைபடும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மிக்சியில் மாவாக அரைத்து, மாலைச் சாப்பாட்டில் கால் டீஸ்பூன் போடுகிறேன், அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான். குட்டி நாய்க்கு இதைத் தன்னிஷ்டப்படி செய்யக் கூடாது, சுண்ணாம்பு கூடினாலும் கெடுதல்.

கடலூரில் இருந்துகொண்டு மீன் போடவில்லையா என்று கேட்காதே. போடுவேன். துறைமுகத்தில் காலையில் பொடி மீன் கூறு கட்டி வைப்பார்கள். வாங்கி வேகவைத்து, முள் பார்த்து எடுத்து, நொய்யில் பிசைந்தால் முல்லை தட்டையே நகர்த்தி நகர்த்தி நக்குவாள். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், மீன் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால் முட்டையும் கோழியும்தான். கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு.

எதைப் போட்டாலும் சட்டென்று மாற்றாதே. ஒரு வாரம் பத்து நாள் பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்று. இல்லாவிட்டால் வயிறு போகும். பாலும் நிறைய நாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. உன் பேத்தி பாசமாக டம்ளரோடு நீட்டுவாள், அவளிடம் சொல்லி வை. அவளிடம் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. திராட்சை ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது, உலர் திராட்சையும்தான். நாய்க்குக் கிட்னியையே கெடுத்துவிடும். பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் நம் வீட்டில் திராட்சை இல்லாமல் ஏது? சாக்லெட்டும் விஷம். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும், அதனால் மிஞ்சின குழம்புச் சோறும் பிரியாணியும் டைகர் தட்டுக்குப் போகவே கூடாது. டீக்கடை பொறையும் பிஸ்கட்டும் வெறும் மைதா, அவன் கண்ணைப் பார்த்து இரக்கப்பட்டுப் போடாதே. அதற்குப் பதில் கேரட் துண்டோ வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ கொடு. இரண்டும் அவனுக்குக் கடைத் தின்பண்டம் மாதிரிதான் இருக்கும்.

உலர் தீனியை மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறையும். ஆனால் நான் பட்டதைச் சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கார்த்திகையில் 20 கிலோ மூட்டை வாங்கினேன். நம் கடற்கரை ஈரக்காற்றில் இரண்டு மாதத்தில் சிக்கு வாடை. முல்லை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள். மிச்சத்தையெல்லாம் குப்பையில் கொட்டினேன். பூசணம் பிடித்த தீனி நாயின் ஈரலைக் கெடுக்கும், காக்காய்க்குக்கூடப் போட மனசு வரவில்லை. இப்போது எதிர்வீட்டுக்காரியும் நானும் பத்து கிலோ பை வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். ஆளுக்கு ஐந்து கிலோ, ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். பையோடு சேர்த்து டின்னில் வைத்து இறுக மூடு.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கட்டில் மாதிரி இருக்கிற அந்த மெத்தையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடு. சாக்கின் மேல் பழைய புடவை போதும், வாராவாரம் துவைக்கலாம். தட்டுக்குக் கனமான எவர்சில்வர். கழுத்துப் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பழைய பருத்தித் துணியைப் பின்னி முடிச்சுப் போட்டால் அதுவே விளையாட்டுச் சாமான், நூல் பிரிந்தால் மட்டும் எடுத்துவிடு, விழுங்கிவிடுவான். குளியல் மாதம் ஒரு முறை, நம் சோப்பு வேண்டாம்.

உண்ணிக்கு மட்டும் கணக்குப் பார்க்காதே. உண்ணிக்காய்ச்சல் வந்தால் நாய் ரத்தமே வற்றிப் போகும். வேப்பெண்ணெயை மட்டும் நம்பி நான் ஒரு மாதம் ஓட்டியது தப்பு. ஒன்றை மறந்துவிடாதே: உன் வீட்டில் பூனை இருக்கிறது. நாய்க்கு மேலே தடவும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனையைக் கொன்றுவிடும். வீட்டில் பூனை உண்டு என்று டாக்டரிடம் முதலிலேயே சொல். அதேபோல, டைகருக்கு உடம்பு சுட்டால் நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதே. பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் நாய்க்கு ஆபத்து.

கை வலிக்கிறது, முல்லையும் வாசலில் நின்று கூப்பிடுகிறாள். வெயில் ஏறுவதற்குள் அவளை நடக்கக் கூட்டிப் போக வேண்டும். இந்தத் தரையில் பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது, நீயும் டைகரை விடியற்காலையில்தான் கூட்டிப் போக வேண்டும்.

அம்மா தன் பழைய சுங்குடிப் புடவைகள் இரண்டைச் சேர்த்து, ஓரம் தைத்து மடித்து வைத்திருக்கிறாள். கண் தெரிந்த பிறகு அவள் ஊசியில் நூல் கோத்தது இதற்குத்தான். டைகருக்காம். நான்கூட நாயை வாசப்படி ஏற்றக் கூடாது என்று அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவள், உனக்குத் தெரியுமே. அடுத்த ஞாயிறு அண்ணனோடு வண்டியில் வா. டைகரையும் கூட்டி வா, ஊசி போட்டு ஒரு வாரமாவது ஆகியிருந்தால். மீன் குழம்பு வைக்க முடியாது, முட்டைக் குழம்புதான்.

உன்
விஜி