செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் திருச்சி பட்டறைக்காரர்கள் சங்கத்தின் செயற்குழு 6 முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது. சந்தா பாக்கியைப் பற்றி நான் பேசினால் சண்டை வரும், பொருளாளர் சொல்வார். நான் ஜூன் மாதம் சென்னை வர்த்தக மையத்துக்குப் போய் வந்ததைச் சொல்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்களின் அய்மா சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் ஏக்மி இயந்திரக் கண்காட்சி அது. திருச்சியிலிருந்து 22 பேர் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் பரங்கிமலை சேர்ந்தோம். அங்கிருந்து நந்தம்பாக்கம் பக்கம்தான். ஆனால் மவுண்ட் பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலை. மாதவரம்–சோழிங்கநல்லூர் தடத்தில் வர்த்தக மையத்துக்கென்றே ஒரு நிலையம் வருகிறது. அது வரும்வரை ஆட்டோக்காரர் கேட்டதுதான் கூலி.

2024 ஜனவரியில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்ததும் இதே வளாகத்தில்தான். அன்று டிவியில் பார்த்தது எல்லாம் கோட்டு சூட்டு. நாங்கள் போனபோது அரங்குக்குள் இயந்திரத்தைக் குளிர வைக்கும் கூலண்ட் திரவத்தின் வாடை, கணினியால் ஓடும் சிஎன்சி லேத்துகள், நம்மைப் போலவே தோளில் பை மாட்டிய பட்டறைக்காரர்கள். முதல் பாதி நாள் வேடிக்கை பார்த்ததிலேயே போய்விட்டது. நோட்டீஸ் வாங்கி வாங்கிப் பை கனத்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தோம். துவாக்குடி உறுப்பினர் ஒருவர், கேஸ் தீயால் வெட்டிய 12 மி.மீ. கசட் பிளேட் (இரும்புச் சட்டங்களை இணைக்கும் தகடு) ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் ஒட்டிய கசடை கிரைண்டரில் தேய்க்கவே அவருக்கு ஓர் ஆள் சம்பளம் போகிறது. தகட்டை ஒளிக்கற்றையால் வெட்டும் ஃபைபர் லேசர் இயந்திரம் விற்கும் ஒரு கடையில், அதுவரை கிலோவாட் கணக்கையே ஒப்பித்த விற்பனையாளர், துண்டைப் பார்த்ததும் பொறியாளரைக் கூப்பிட்டார். அவர் அளவெடுத்து, கணினியில் வரைந்து, ஒரு தகட்டில் எத்தனை விழும், ஒன்றை வெட்ட எத்தனை வினாடி ஆகும் என்று காட்டினார். காட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இதற்கு வேலை கொடுப்பீர்கள்?"

22 பேரில் ஒருவரிடமும் பதில் இல்லை. பெல் (பி.எச்.இ.எல்.) கொதிகலன் ஆலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகள் நம்முடையவை. ஆர்டர் இருந்தால் இரவு பகல் தெரியாது, இல்லாவிட்டால் ஈ ஓட்டுகிறோம். மாதக் கணக்கு எழுதி வைக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை, எனக்கும்தான்.

ஆக, யாரும் இயந்திரம் வாங்கவில்லை. சிலருக்கு அதில் வருத்தம். கடன் வாங்கிச் சும்மா நிறுத்தி வைப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து. எல்லாரும் சேர்ந்து ஒன்று வாங்கினால் என்ன என்ற பேச்சு திரும்பும் ரயிலிலேயே தொடங்கியது. மூன்று செயற்குழுக் கூட்டங்கள் அதற்கே போயின. குறு, சிறு நிறுவனத் தொகுப்புகள், எல்லாரும் பகிர்ந்து பயன்படுத்தும் இயந்திரங்களோடு பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டு, அவரவர் பட்டறையில் மாதம் எத்தனை மணி நேரம் தகடு வெட்டும் வேலை இருக்கிறது என்று எழுதித் தர ஒரு படிவம் அடித்தோம். இதுவரை நிரப்பித் தந்தவர்கள் 9 பேர். பயணம் வந்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் தரவில்லை.

படிவம் வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். இனி வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.