ஜூலிக்கு ஒரு வீடு வேண்டும், மருந்துச் செலவை நாம் சேர்ந்து ஏற்போம்

கடலூர் மக்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி நம் பக்கம் என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு, சேறு காயாத ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு லேப்ரடார் நாய் படுத்திருந்தது. வீட்டில் ஆள் இல்லை. அதன் கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து ஒரு தடம். பல வருடம் பட்டை போட்டிருந்த கழுத்து அது. யாரோ பட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பெயர் தெரியாமல் ராணி, டாமி, பப்பி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தோம். "ஜூலி" என்றதும் காது நிமிர்ந்தது. கை நீட்டினால் தன் முன்காலைத் தூக்கி வைத்தது. ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்த பிள்ளை என்று அப்போதே புரிந்துவிட்டது. இன்றைக்கும் தெருவில் பழைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கேட் வரைக்கும் நடந்து போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வரும்.

இப்போது ஜூலிக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும் என்கிறார் மருத்துவர். முகவாய் முழுக்க நரைத்துவிட்டது. வந்த புதிதில் உண்ணிக் காய்ச்சல்; நான்கு வாரம் மாத்திரை கொடுத்துத் தேற்றினோம். அடுத்த சில மாதத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டிவிட்டது. கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்களுக்கு இது அடிக்கடி வரும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சைக்கு எங்கள் குழுவினர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமாளித்தோம். இன்று ஜூலிக்கு மூட்டு வலி ஒன்றுதான் பாக்கி. அதற்குத் தினமும் மாத்திரை உண்டு. வழவழ டைல்ஸ் தரையில் பின்கால் வழுக்கும், ஒரு சாக்கு விரித்தால் போதும்.

எங்களிடம் ஜூலியோடு இன்னும் இரண்டு வயதான நாட்டு நாய்களும் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு கண் தெரியாது. மூன்றும் உறுப்பினர்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் கார் ஷெட்டிலும் காலம் தள்ளுகின்றன. வீடு கேட்டு எத்தனையோ பேரிடம் பேசிவிட்டோம். "குட்டி இருந்தா சொல்லுங்க" என்பார்கள். வயதைச் சொன்னால், "டாக்டர் செலவு தாங்காதுங்க" என்று தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒரு தம்பதி, நாயைப் பார்த்ததும் கண் கலங்கியவர்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பிப் போனார்கள்.

அந்தத் தம்பதி போன அன்றுதான் இந்த நிதியைத் தொடங்க முடிவு செய்தோம். வயதான நாயை வீட்டில் சேர்த்துக்கொள்பவர்கள் சோறும் இடமும் அன்பும் கொடுத்தால் போதும். அதன் கடைசி நாள் வரைக்கும் மருந்து, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சை எல்லாம் குழுவின் பொறுப்பு.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். மூன்று நாய்களுக்கும் மாத மருந்து 4,500 ரூபாய், வருடத்துக்கு 54,000. வெறிநாய்க்கடித் தடுப்பூசி உள்ளிட்ட வருடாந்திர ஊசிகளுக்கும் பரிசோதனைக்கும் 6,000. திடீர்ச் சிகிச்சைக்கென்று ஒதுக்கி வைக்க 30,000. மொத்தம் 90,000 ரூபாய். கையில் இருப்பது 27,500. மீதி 62,500 ரூபாய்க்காகத்தான் உங்கள் முன் நிற்கிறோம்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிது. மாதாமாதம் ஒரு சிறு தொகை தருகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அது இன்னும் பெரிது, ஏனென்றால் மாத்திரை மாதாமாதம் வாங்க வேண்டியது. மஞ்சக்குப்பத்தில் உங்களுக்குத் தெரிந்த எங்கள் உறுப்பினர் யாரிடமும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் தராதீர்கள். பழைய போர்வை, சாக்கு, கோரைப்பாய் கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். வரவு செலவை ஒவ்வொரு மாதமும் பில்லோடு எழுதி ஒட்டுவோம்.

வீடு தர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூலிக்குத் தரைத்தள வீடுதான் சரி, படி ஏற முடியாது. செருப்பைக் கடிக்காது, வீட்டுக்குள் அசிங்கம் செய்யாது, பகலில் பாதி நேரம் தூங்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. முதல் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்; ஒத்துவரவில்லை என்றால் நாங்களே வந்து அழைத்துக்கொள்கிறோம், மனவருத்தம் எதுவும் இருக்காது. ஆனால் மொட்டை மாடியில் கட்டிப்போடவும், பூட்டிய வீட்டுக்குக் காவல் வைக்கவும் கேட்பவர்களுக்குத் தர மாட்டோம். ஜூலி தன் பங்குக்குக் காவல் காத்து முடித்துவிட்டது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாயையும் அதில் வீரனுக்குப் பக்கத்தில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதிய மண் இது. ஜூலிக்குக் கல் வேண்டாம். இன்னும் இரண்டோ மூன்றோ வருடம், மின்விசிறிக்கு அடியில் ஒரு மூலை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, மணல் சூடாவதற்கு முன், ஜூலியைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்து வருகிறோம். வந்து பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கிரீம் பிஸ்கட் மட்டும் வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது. ஒரு அவித்த முட்டை கொண்டு வந்தால் கை கொடுக்கும்.