பேச்சு விற்பனை ஆகுமா? வீடியோ கேம் நிறுவனங்களின் விளம்பரப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் வெளியிடும் நிறுவனங்களின் விளம்பரப் பிரிவினருக்கு, வணக்கம்.

சென்ற ஆண்டு என் தம்பி தீபாவளிக்குக் கிடைத்த பணத்தை எல்லாம் ஒரு கேமில் போட்டான். யூடியூபில் அவனுக்குப் பிடித்த ஒருவர் அதை விளையாடிக் குதூகலித்ததைப் பார்த்துத்தான் வாங்கினான். மூன்றாம் நாளே அதைத் தொடுவதை நிறுத்திவிட்டான். காணொளிக்குக் கீழே இருந்த குறிப்பை விரித்துப் பார்த்தபோதுதான், அது காசு வாங்கிக்கொண்டு எடுக்கப்பட்டது என்று தெரிந்தது. உங்கள் ஏட்டில் அது ஒரு விற்பனையாகப் பதிவாகியிருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு வேறு.

வைரல் விளம்பரம், அதாவது ஆளுக்கு ஆள் பேசிப் பேசியே பரவும் விளம்பரம், பலிக்கும் என்பதற்கு நீங்கள் முதலில் காட்டுவது 2004-ஐத்தான். ஹேலோ 2 என்ற கேமின் டிரெய்லர் முடிவில் ‘ஐ லவ் பீஸ்’ (எனக்குத் தேனீக்கள் பிடிக்கும்) என்ற இணைய முகவரி ஒரு கணம் மின்னி மறைந்தது. தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது, தேன் விற்கும் பெண்மணி ஒருவரின் சிதைந்துபோன இணையதளம். அதில் எண்கள் வரிசையாக இருந்தன. அவை அட்சரேகை, தீர்க்கரேகை என்று கண்டுபிடித்தவர்கள் ரசிகர்களே. அந்த இடங்களில் பொதுத் தொலைபேசிகள் இருந்தன. குறித்த நேரத்தில் மணி அடித்தது. தெருவோரம் காத்து நின்றவர்கள் ரிசீவரை எடுத்தார்கள். துண்டு துண்டாகக் கேட்டதை ஊர் ஊராக இருந்தவர்கள் ஒன்றுசேர்த்தபோது அது ஒரு நீண்ட வானொலி நாடகமாக விரிந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். அது விளம்பரம்தான், ஆனால் தன்னளவிலேயே ஒரு நல்ல விளையாட்டு.

நவம்பர் 9 அன்று ஹேலோ 2 வெளியானது. முதல் நாளில் மட்டும் சுமார் 12.5 கோடி டாலர் வசூல். அதைத் தொலைபேசி மணிதான் ஈட்டித் தந்ததா? 2001-இல் வந்த முதல் பாகத்தை விளையாடியவர்கள் மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்தார்கள். 15 லட்சம் பேர் முன்பதிவே செய்திருந்தார்கள். தேனீக்கள் இல்லாவிட்டாலும் அன்று கடைவாசலில் வரிசை நின்றிருக்கும் என்றே நம்புகிறேன். தானாக வந்த கூட்டத்தையும் விளம்பரம் இழுத்து வந்த கூட்டத்தையும் நீங்கள் பிரித்துப் பார்ப்பதே இல்லை. இதுதான் என் முதல் குறை.

2011 மார்ச்சில் ஹோம்ஃப்ரண்ட் கேமுக்காக டிஹெச்க்யூ நிறுவனம் சான்பிரான்சிஸ்கோவில் 10,000 சிவப்பு பலூன்களைப் பறக்கவிட்டது. பல பலூன்கள் விரிகுடாவில் விழுந்து மிதந்தன. ஊர் பேசியது, உண்மை. வட அமெரிக்காவில் முதல் நாளில் 3,75,000 பிரதிகள் விற்றதாக நிறுவனமே அறிவித்தது. ஆனால் விமர்சனங்கள் சுமாராக வந்தவுடன் அதன் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. பேச்சு ஆட்களை வாசல்வரை அழைத்து வந்துவிட்டது. உள்ளே சமையல் சரியில்லை.

2002-இல் அக்லைம் நிறுவனம் ஒரு கேமுக்காக, கல்லறைக் கற்களில் விளம்பரம் வைக்க இடம் கொடுத்தால் பணம் தருவதாக அறிவித்தது. துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் பேரம் பேசலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இரண்டே ஆண்டில் அந்த நிறுவனம் திவாலானது. கல்லறை விளம்பரத்தால் திவாலானது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பரபரப்பு அதைக் காப்பாற்றவில்லை என்று மட்டும் சொல்வேன்.

எனக்கு மிகவும் வலிப்பது ஷேடோ ஆஃப் மோர்டார். 2014-இல் வந்த அருமையான கேம் அது, விமர்சகர்களே கொண்டாடினார்கள். அதற்கும் வார்னர் பிரதர்ஸ் யூடியூப் பிரபலங்களுக்குப் பணம் கொடுத்தது. பாராட்டித்தான் பேச வேண்டும், கோளாறுகளைக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. பணம் பெற்ற செய்தி பல காணொளிகளில் கீழ்க்குறிப்பின் மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. 2016-இல் அமெரிக்காவின் வணிக ஆணையம் இதைக் குற்றச்சாட்டாகவே எழுப்ப, நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. நல்ல சரக்குக்கு எதற்குப் பொய்ச் சாட்சி? மனதாரப் பாராட்டியவர்கள் மீதும் அந்தச் சந்தேகம் படிந்துவிட்டதே!

அமாங் அஸ்-ஐப் பாருங்கள். மிகச் சிறிய குழு ஒன்று 2018 ஜூனில் வெளியிட்ட கேம். முதலில் சீண்டுவாரில்லை. அவர்கள் அதைக் கைவிடாமல் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020-இல், ஊரடங்கில் நண்பர்களைப் பிரிந்து தவித்தவர்கள் கைக்கு அது வந்து சேர்ந்தபோது உலகமே விளையாடியது. காலமும் கைகொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் காலம் வந்தபோது கொடுப்பதற்கு அவர்களிடம் ஒரு நல்ல கேம் தயாராக இருந்தது.

ஆகவே உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். அடுத்த முறை ஏதேனும் ஒரு வட்டாரத்தில் விளம்பரமே செய்யாமல் விட்டு, அங்கும் மற்ற இடங்களிலும் மூன்று மாதம் விற்றதை ஒப்பிட்டு வெளியிடுங்கள். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன காணொளியில், அந்தச் செய்தியை முதல் பத்து வினாடிக்குள் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

தம்பி இப்போதும் அந்த யூடியூபரைப் பார்க்கிறான். அவர் எதையாவது புகழ்ந்தால், கீழ்க்குறிப்பை விரித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான்.

இப்படிக்கு,
இருபது ஆண்டுகளாக விளையாடிவரும் ஒருவன்